எந்தப் பக்கம் சாய்ந்தது?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் படித்தவன் இல்லை. பாலோ வட்டாரத்தில் இரண்டு தலைமுறை என்னைப் பெரிய படிப்பாளி என்று நம்பியது. நானும் மெனக்கெட்டு அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. உண்மையில் என் ஆங்கிலப் புலமை அந்த மொழியின் ஐந்தாவது எழுத்தான ‘ஈ’யோடு முடிந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை, கறையான்தான் பொறுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். ஜொகூரில், பாலோ ரயிலடியிலிருந்து ஐந்து மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் கிராணி. (கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் அந்தக் காலத்தில் நானே என்னைக் குமாஸ்தா என்று சொல்லியிருக்க மாட்டேன். அத்தனை கர்வம்.) மேட்டில் துரையின் பங்களா. பள்ளத்தில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயம். இரண்டுக்கும் நடுவில் என் வீடு. மேலே ஏறிப் போனால் துரை என்ன வேலை என்று கேட்பார். கீழே இறங்கிப் போனால் கிராணிக்கு மரியாதை போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் மூன்று வருஷம் நான் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவேன். இருநூறு பேர், ஒருவர் பின் ஒருவராக, “இருக்கேங்க” என்பார்கள். அன்றைக்கு எனக்கும் மனிதர்களுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஊரில் அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு கப்பலேறியவன் நான். கடிதம் போடவும் ஆள் இல்லை. சில சாயங்காலங்களில் வீட்டுக்குள் நின்றுகொண்டு என் பெயரை நானே உரக்கக் கூப்பிட்டு, நானே “இருக்கேங்க” என்று சொல்லிக்கொண்டதுண்டு. (இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.)

அந்தச் சமயத்தில் சின்னத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது தன் பழைய ஆங்கில அகராதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தலையணை கனம். ஆனால் ‘ஈ’ முடிந்து இரண்டு பக்கம் தள்ளிக் கறையான் வேலையை ஆரம்பித்திருந்தது. அதற்கப்புறம் கடைசி அட்டை வரையில் வெறும் மண். இருந்ததைப் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லிவிட்டு, அது எந்த மொழியில் பிறந்தது, எந்த வழியாக வந்தது என்றெல்லாம் போட்டிருந்தது. சொற்களுக்கெல்லாம் ஊர் இருந்தது, தாய் தகப்பன் இருந்தார்கள், சித்தப்பன் பெரியப்பன் இருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் ‘எக்ஸாமின்’. கறையானிடமிருந்து சில பக்கங்களில் தப்பிய சொல். சோதித்துப் பார்ப்பது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்வதும் அதுதான், கோர்ட்டில் சாட்சியை வக்கீல் குடைவதும் அதுதான், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதும் அதுதான். ஆனால் அது பிறந்த இடம் லத்தீன் மொழியில் ஒரு தராசு. தராசின் நடுவில் நிற்கும் முள்ளுக்கு அங்கே ‘எக்ஸாமென்’ என்று பெயராம். வெளியே விரட்டுவது என்பதிலிருந்து வந்த சொல்லாம். அதனால் கூட்டிலிருந்து வெளியேறிப் பறக்கும் தேனீக் கூட்டத்துக்கும் அதே பெயராம். இதைப் படித்துவிட்டு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல், வீட்டுச் சுவரில் இருந்த பல்லியிடம் சொன்னேன். அது கேட்டுக்கொண்டது.

இந்த நிலைமையைப் பார்த்துப் பொறுக்காமல் ஒருநாள் முனியாண்டிக் கங்காணி ஆபீஸ் படியில் வந்து நின்றார். ஐம்பது பேருக்கு மேஸ்திரி. காட்டுக்குள் நின்று கூப்பிட்டால் ரயிலடியில் கேட்கும் குரல்.

“கிராணியாரே, பாலோவுல மளிகைக் கடை வச்சிருக்காருல்ல அருணாசலம், அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. தையல்நாயகின்னு பேரு. ஒங்க ஜில்லா, ஒங்க சனம். போயிப் பாக்கலாமா?”

“பார்க்கலாம்” என்று சொல்ல எனக்கு அரை நொடி பிடித்தது. அந்த அரை நொடியும் மரியாதைக்காகத்தான்.

“ஒங்க பக்கத்துல யாரு வருவாங்க?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை பக்கம் ஒரு பெரியவர் வேண்டும். பேச்சு முடிந்தால் தாம்பூலத் தட்டை அவர்தான் கை நீட்டி வாங்க வேண்டும். மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டால் சிரிப்பார்கள். எனக்கோ கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு உறவும் கிடையாது.

கங்காணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி விடுங்க. நான் மாமனா வர்றேன். நீங்க எங்க அக்கா மவன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன். வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தா அதுவே போதும்.”

வாயைத் திறக்காமல் இருப்பதில் மூன்று வருஷப் பழக்கம் உள்ளவன் நான். அன்றைக்கென்று பார்த்து அது கைகொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டு வண்டியில் போய் இறங்கினோம். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் வீடு. ஞாயிறு என்பதால் சுற்றுப்பட்ட தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க ஜனங்கள் வந்திருந்தார்கள். கடையை மூட மனசில்லாமல் அருணாசலம் எங்களைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்காரவைத்தார். எங்கள் தலைக்கு மேல் உத்தரத்துக் கொக்கியில் தராசு மாட்டியிருந்தது. பித்தளைத் தட்டுகள் இரண்டு, நடுத்தண்டில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ.

அந்தத் தராசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் கடைக்காரர்கள் காலையில் கடை திறந்ததும் முதல் கற்பூரத்தை அதற்குத்தான் காட்டுவார்கள். அதை அவர்களைத் தவிர வேறு கை தொடக் கூடாது. வாங்க வந்தவன் வெறும் தட்டைத் தூக்கிப் பார்த்தாலோ, முள்ளில் விரலை வைத்தாலோ, கடைக்காரரைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். அதன் பிறகு பேச்சே கிடையாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. (பார்க்கத்தானே போனாய் என்று கேட்கிறீர்களா? அதே கேள்வியைத்தான் பிறகு வாழ்நாள் முழுவதும் கேட்டார்கள்.) காப்பித் தம்ளரையும், அதைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தேன். ஒரு விரலில் கயிறு அறுத்த பழைய தழும்பு இருந்தது. அவள் உள்ளே போய் அரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

கங்காணி ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த சிபாரிசு ஒன்றே ஒன்றுதான். “நல்ல ஆளு. ஒருநா பெரட்டுக்குத் தவறினதில்ல. காய்ச்சல்னு படுத்ததில்ல. மழையில நிப்பாரு, வெயில்ல நிப்பாரு. அடிச்சாலும் திரும்ப ஒரு வார்த்த பேச மாட்டாரு.”

அருணாசலம் தலையாட்டினார். “அதெல்லாம் சரி. தம்பி என்ன படிச்சிருக்காப்ல?”

“படிப்பா! பெரிய பரீச்சையெல்லாம் பாஸு. சிங்கப்பூருக்கே போயி எழுதினாருல்ல!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் ஏழாவதோடு நின்றவன் நான். சிங்கப்பூரில் நான் எழுதியது, கப்பல் முகாமில் பெயர்ப் பதிவேட்டில் வைத்த கையெழுத்து ஒன்றுதான்.

“அப்படியா? என்ன பரீட்சை தம்பி அது? எந்த வருசம்?”

கங்காணி என்னைப் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அரைக் கதவும் கொஞ்சம் அசைந்தது. உள்ளதைச் சொன்னால் பெண் இல்லை. பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. இன்றுவரை அந்த யோசனையை நினைத்தால் காது சூடாகிறது.

“பரீட்சையை இங்கிலீஷில் எக்ஸாமினேஷன் என்பார்கள்” என்று ஆரம்பித்தேன். “அந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமோ?”

யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் காணோம். எனக்கோ மூன்று வருஷத்துப் பேச்சு தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. மடை திறந்துவிட்டது. லத்தீன் என்றேன். வாத்தியார், வக்கீல், டாக்டர் என்றேன். தேனீக் கூட்டம் என்றேன். மேலே பார்த்தேன், தராசு தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

“இதோ இந்த முள்தான்! இதற்குப் பெயர்தான் எக்ஸாமென்! தட்டில் ஒன்றும் இல்லாதபோது இது நட்டநடுவில் நிற்கும் பாருங்கள்” என்று சொல்லி, சந்தனம் குங்குமத்தோடு அந்தத் தராசைப் பிடியோடு தூக்கி, விரலால் முள்ளை ஒரு தட்டுத் தட்டி விட்டேன்.

முள் நட்டநடுவில் நிற்கவில்லை.

தூசியாயிருக்கும் என்று இன்னொரு தட்டுத் தட்டினேன். ஆடி ஆடி, பழையபடியே சாய்ந்து நின்றது. வாசல் பக்கமிருந்து ஒரு பெண் குரல், “ஆத்தி! சாயுதுடி!” என்றது.

அருணாசலம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாம்பூலத் தட்டை எடுத்து உள்ளே நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. “வெயிலுக்கு முந்திப் பொறப்படுங்க கிராணியாரே” என்றார். வந்தபோது தம்பியாக இருந்தவன் கிராணியாராகிவிட்டேன்.

நிறுத்துப் பார்ப்பது, வெளியே விரட்டுவது என்று அந்தச் சொல்லுக்கு அகராதி சொன்ன இரண்டு காரியமும் எனக்கு ஒரே காலையில் நடந்து முடிந்தன.

வண்டியில் நாலு மைல் தூரம் தாண்டியதும் கங்காணி, “அலாமா கிராணியாரே, அந்த ஆளு கோவணத்த அவுத்துப் பாத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பான்யா” என்றார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் மோசமானவை. முன்பும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அப்போது வெறும் வீடாக இருந்தது. இப்போது ஒருத்தி வராமல் போன வீடாக ஆகிவிட்டது. அகராதியை மூடிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். பல்லியிடமும் பேசவில்லை.

அதைவிட மோசம் பின்னால் வந்தது. ஒரு மாதம் கழித்துக் கங்காணி சொன்னார்: “அருணாசலம் கடைப் பக்கம் நம்ம சனம் போறதில்ல. எதுத்தாப்ல சீனன் கடைக்குப் போயிருது. கேட்டா, இங்கிலீசு படிச்ச கிராணியே தராசத் தூக்கிக் காட்டிட்டாரு, நாங்க என்ன புதுசா சொல்லப் போறோம்ங்குதுங்க.”

என் தனிமைக்கு ஒரு துணை தேடிப் போய், ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் எதற்காக? ஏழாவது வரைதான் படித்தேன் என்று சொல்லக் கூச்சப்பட்டதற்காக.

அடுத்த ஞாயிறு நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இரவல் மாமா வேண்டாம் என்றுவிட்டேன். கடையில் ஈ காக்கை இல்லை. தராசு பழைய வேட்டித் துணியால் மூடப்பட்டிருந்தது. பின்கட்டில் அவளுடைய அம்மா ஏதோ இடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அரைக் கதவுக்குப் பின்னாலிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது.

“அப்பா இல்ல. சாமான் எடுக்க ரயிலடிக்குப் போயிருக்காங்க.”

“மன்னிப்புக் கேட்க வந்தேன்” என்றேன்.

“ஒண்ணு கேக்கலாங்களா?” என்றாள்.

“கேளுங்க.”

“அன்னைக்கு முள்ளு எந்தப் பக்கம் சாஞ்சுது?”

யோசித்தேன். சாய்ந்தது தெரியும். சாய்ந்ததும் உலகமே சாய்ந்தது தெரியும். எந்தப் பக்கம்?

“பாக்கல” என்றேன்.

“லத்தீனு சொன்னீங்க. வக்கீலு டாக்டருன்னு சொன்னீங்க. தேனீயெல்லாம் சொன்னீங்க. எந்தப் பக்கம்னு பாக்கவே இல்லியா?”

“இல்ல.”

“நீங்களும் பாக்கல. அப்பா அவமானத்துல அதப் பாக்கவே மாட்டேங்குறாங்க. துணியப் போட்டு மூடிட்டாங்க. நான் சொல்ல வந்தா காது குடுக்க மாட்டேங்குறாங்க. இருக்கிற ரெண்டாவது தராசுல நிறுக்குறாங்க, வாங்கத்தான் ஆளில்ல. நீங்கதான் ஒருவாட்டி தொட்டுட்டீங்களே. இன்னொருவாட்டி தொட்டா என்ன கொறஞ்சிரும்? தூக்கிப் பாருங்க.”

துணியை எடுத்தேன். பிடியைப் பிடித்துத் தூக்கினேன். இந்தத் தடவை பார்த்தேன். முள் படிக்கல் வைக்கும் தட்டின் பக்கம் சாய்ந்திருந்தது.

“அந்தத் தட்டுக் கயித்த எலி கடிச்சிருச்சு. தீவாளிக்கு முந்தி நான்தான் மொத்தமான கயிறா கட்டினேன்” என்றாள். “கல்லு வைக்கிற பக்கம் கனத்தா என்ன ஆகும்?”

எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கல் இருக்கும் தட்டு கனத்தால் அதைச் சரிக்கட்டச் சாமானைக் கூடப் போட வேண்டும். அருணாசலம் யாரையும் ஏமாற்றவில்லை. மாதக்கணக்கில் அரிசியும் பருப்பும் ஊருக்கெல்லாம் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் தட்டியது. தோளில் மூட்டையோடு அருணாசலம் நின்றார். என் கையில் அவருடைய தராசு.

“மறுபடியுமா!” என்று அவர் போட்ட சத்தத்தில் பின்கட்டில் உலக்கை நின்றது. எதிர்க் கடைச் சீனர் எழுந்து வந்து பார்த்தார். அரைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

“எந்தப் பக்கம்னு பாருங்கப்பா.”

பார்த்தார். மூட்டையை இறக்காமலே நின்று பார்த்தார். பிறகு மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியது அவமானம் நீங்கியதாலா, இத்தனை நாள் கொடுத்த அரிசியை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் முழுவதும் நான் சீனர் கடை வாசலில் நின்று, வந்த தோட்டத்து ஜனங்களிடம் நடந்ததைச் சொன்னேன். லத்தீன் இல்லாமல் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் மொத்தக் கூட்டமும் அருணாசலம் கடைக்குள் நுழைந்தது. “அண்ணே, ரெண்டாவது தராசு வேணாண்ணே! அந்தப் பழசுலயே நிறுங்க!” என்று ஒரே கூச்சல். கயிற்றை அறுத்து எடுப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் உண்மையைச் சொன்னேன். கங்காணி என் மாமா இல்லை. எனக்கு யாருமே இல்லை. பரீட்சையும் இல்லை.

“இங்கிலீசு எதுவரைக்கும்தான் படிச்சீங்க?”

“‘ஈ’ வரைக்கும்.”

அவர் அறுத்த கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, “அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க தம்பி. அந்த மாமாவையும் கூட்டிட்டு வாங்க. நெசமான மாமா இல்லாட்டியும் தட்டு வாங்க ஒரு ஆளு வேணும்ல” என்றார்.

அப்படித்தான் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஆபீஸ் முடிந்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து “இருக்கேங்க” என்று பதில் வரும். அதற்காகவே சில நாள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

அவளுடைய கேள்வி மட்டும் எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. நான் அரசியல் பேசினாலும், மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து நீளமாக விவரம் சொன்னாலும், சமையல்கட்டிலிருந்து “எந்தப் பக்கம்?” என்று குரல் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

போன வருஷம் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். ‘ஈ’க்கு அப்பாலுள்ள சொற்களும் அதில் இருந்தன, ஆனாலும் எனக்குப் புரிந்தது. திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன சொல்றாரு?” என்றாள்.

“எக்ஸாமின் பண்ணிட்டாராம். மருந்து மாத்திக் குடுக்குறாராம். பெரிய டாக்டரு திங்கக்கெழம வர்றாராம்...” என்று நான் நீட்டிக்கொண்டே போனேன்.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

இந்தத் தடவை நான் நன்றாகப் பார்த்திருந்தேன்.

“பாக்கல” என்றேன்.

அவள் சிரித்தாள். “நாப்பது வருசமாச்சு. இன்னும் பாக்கலியா நீங்க?” என்று சொல்லி, அந்தத் தழும்பு விரலால் என் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் போன பிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். சந்தைக்குப் போகும்போது பேத்தி என்னைக் கூட அழைத்துப் போகிறாள். காய்கறிக் கடையில் தராசைக் கண்டதும், கடைக்காரருக்கும் கேட்கும்படி, “தாத்தா, கையக் கட்டிக்குங்க” என்கிறாள். கட்டிக்கொள்கிறேன்.